ஒற்றை எழுத்து அப்பா

சீன மொழியில் என்னை நானே முதன்முதலாக அறிமுகப்படுத்திக்கொண்ட அன்று, என் அப்பாவை ஒரே ஓர் எழுத்தாக்கிச் சொன்னேன்.

ஓசூரில் மின்சார ஸ்கூட்டருக்கு மோட்டார் செய்கிற தொழிற்சாலையில் நான் டிரெய்னி. கிருஷ்ணகிரியில் டிப்ளமோ முடித்துவிட்டு, மூக்கண்டப்பள்ளியில் ஓர் அறையை இன்னொருவனோடு பகிர்ந்துகொண்டு வேலைக்குப் போய்வந்தேன். மோட்டாரின் உள்வளையத்தில் செம்புக் கம்பி சுற்றும் இயந்திரம் ஒன்று சீனாவிலிருந்து வந்து இறங்கியது. அதைப் பொருத்திக் கொடுக்க ஒரு பொறியாளரும் கூடவே வந்தார். நாங்கள் அவரை ‘சார்’ என்றோம். அவரும் எல்லோரையும் ‘சார்’ என்றே திருப்பிக் கூப்பிட்டார், கேன்டீனில் டீ ஊற்றுகிறவர் உட்பட.

அவருடைய விசா முடிய இருந்தது. போவதற்குள் இயந்திரத்தை எங்களில் ஒருவரிடம் ஒப்படைக்க வேண்டும். பெரிய கோளாறு வந்தால் அதன் திரை தானாகப் பூட்டிக்கொள்ளும். திறக்க வேண்டுமானால் சீனாவில் இருக்கும் சர்வீஸ் டெஸ்க்கை வீடியோவில் கூப்பிட வேண்டும். அங்கே பதிந்திருக்கும் பெயருக்குரிய ஆள் கூப்பிட்டால்தான் திறப்பு எண் கொடுப்பார்கள். டெஸ்க்கில் இருப்பவர்களுக்கு ஆங்கிலம் தெரியாது. சார் கையில் ஒரு மொழிபெயர்ப்புச் செயலி உண்டு. ஆனால் உற்பத்தி லைன் ஓடுகிற இரைச்சலில் அதற்குக் காது கேட்காது. அதனால் சார் ஒரே நிபந்தனை வைத்தார். பொறுப்பேற்கிற ஆள் தன் வாயால் சீனத்தில் பெயர் சொல்லித் தன்னை யாரென்று புரியவைக்க வேண்டும். கோளாறைக் கேமராவில் காட்டிக்கொள்ளலாம். பெயரைக் கேமராவில் காட்ட முடியாது.

மேனேஜர் என்னை ஓரமாகக் கூப்பிட்டுச் சொன்னார்: “மெஷின் யாரு பேர்ல நிக்குதோ, அந்த ஆளை கம்பெனி வெளிய விடாது. டிரெய்னியா இருந்தா பர்மனென்ட் பண்ணித்தான் ஆகணும். புரியுதா?”

புரிந்தது. மழைக்காலத்தோடு என் பயிற்சி முடிகிறது. அதற்குப் பிறகு பர்மனென்ட், இல்லையென்றால் கிருஷ்ணகிரிக்கு பஸ். அங்கே அப்பா மாங்காய் மண்டியில் பழம் அடுக்கிய கிரேட் பெட்டிகளைத் தூக்குகிறார். நான் போய் நின்றால் அவருக்குப் பக்கத்தில் ஓர் இடம் எப்போதும் இருக்கும். அந்த இடத்தில் நான் நிற்கக் கூடாது என்றுதான் அவர் என்னைப் படிக்கவைத்தார். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்.

போட்டியில் இருந்தது இரண்டே பேர். இன்னொருவர் திருநெல்வேலிப் பக்கத்து அண்ணன், பி.இ. முடித்தவர், ஏற்கெனவே பர்மனென்ட். அவருக்கு இது இன்னுமொரு பொறுப்பு. எனக்கு இதுதான் வேலையே.

வாக்கியம் சின்னதுதான். ‘வோ ஷிங்’ என்று தொடங்கிக் குடும்பப் பெயரைச் சொல்ல வேண்டும். பிறகு ‘ஜியாவ்’ என்று சொல்லித் தன் பெயரைச் சேர்க்க வேண்டும். டெஸ்க்கில் முதலில் கேட்பது குடும்பப் பெயரைத்தான்.

சார் செயலியில் எதையோ தட்டி, போனை அண்ணனிடம் நீட்டினார். உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் சுத்தத் தமிழில் கேட்டது: “தங்கள் குடும்பப் பெயர் யாது?”

“எங்க ஊர்ல அதெல்லாம் கிடையாது சார். சாதியப் பேருக்குப் பின்னால போடறத எங்க தாத்தா காலத்துலயே விட்டாச்சு” என்றார் அண்ணன்.

செயலி அதை எப்படிச் சொன்னதோ தெரியவில்லை. சார் கொஞ்சம் யோசித்துவிட்டு, “வாங்” என்றார். அண்ணனின் நெஞ்சைத் தொட்டு மறுபடியும், “யூ, வாங்.” அங்கே அது ரொம்பச் சாதாரணமான குடும்பப் பெயராம். அண்ணன் தயங்கவே இல்லை. இயந்திரத்தோடு வந்த டேப்லெட்டை வாங்கி டெஸ்க்கைக் கூப்பிட்டு, “வோ ஷிங் வாங்” என்று கணீரென்று சொன்னார். அந்தப் பக்கம் இருந்த பெண் தலையாட்டினார். முடிந்தது.

என் முறை வந்தது. சார் எனக்கும் ஏதோ பெயர் எடுத்துக்கொடுக்க வாய் திறந்தார். நான் வேண்டாம் என்று கையைக் காட்டினேன். எனக்குத்தான் இருக்கிறதே! டேப்லெட்டில் அந்தப் பெண், “நின் குய் ஷிங்?” என்று குடும்பப் பெயரைக் கேட்டார். நான் முதுகை நிமிர்த்தி, வகுப்பில் வருகைப் பதிவுக்கு எழுந்து நிற்பதுபோல நின்று, “வோ ஷிங்” என்று சொல்லி, என் இனிஷியலைச் சொன்னேன். ஓர் ஆங்கில எழுத்து.

அந்தப் பெண் காத்திருந்தார். மீதி வரும் என்று நினைத்தார்போல. நான் இன்னும் சத்தமாக அந்த எழுத்தையே சொன்னேன். அவர் திரைக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்தார். மூன்றாவது தடவையும் சொன்னேன். சார் டேப்லெட்டை வாங்கி, சிரித்துக்கொண்டே ஏதோ சொல்லி, அழைப்பைத் துண்டித்தார். பிறகு தன் போனில் தட்டினார்.

“உங்கள் குடும்பம் ஒரே ஓர் எழுத்தா?” என்றது பெண் குரல்.

“இனிஷியல் சார். ஃபாதர் நேம். அப்பா பேரு.”

மறுபடியும் தட்டினார்.

“உங்கள் தந்தை ஒரே ஓர் எழுத்தா?”

லைனில் நின்றிருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். “அப்பாவே ஒத்தை எழுத்துன்னா, மவன் பக்கத்துல வைக்கிற புள்ளி போலுக்கே!” என்று அண்ணன் என் தோளைத் தட்டினார். நானும் சிரித்தேன். கை கழுவும் குழாயடிக்குப் போன பிறகுதான் முகம் சுட்டது.

அவர்கள் சிரித்ததில் தப்பில்லை. ஆனால் அந்த எழுத்து என் வீட்டுக்கு எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். என்னை ஒன்றாம் வகுப்பில் சேர்த்தபோது ஆசிரியை இனிஷியல் கேட்டார். அப்பாவுக்குப் புரியவில்லை. அவருக்கு இனிஷியல் கிடையாது. பள்ளிக்கூடப் பதிவேட்டில் ஏறாதவருக்கு யார் இனிஷியல் கேட்கப்போகிறார்கள்? “உங்க பேரோட மொத எழுத்துங்க. பையன் பேருக்கு முன்னால போடணும்” என்றார் ஆசிரியை. அன்று மாலை அப்பா என்னை மண்டிக்குத் தூக்கிக்கொண்டு போனார். மண்டியில் ஒவ்வொரு வியாபாரியின் கிரேட்டிலும் அவர் பெயரின் முதல் எழுத்தைப் பெயின்டில் எழுதியிருப்பார்கள். அப்பா படிக்கத் தெரிந்துகொண்டது அந்த எழுத்துகளை மட்டும்தான். எந்த எழுத்து எந்த லாரி என்று பார்த்து ஏற்றுவார். கூட வேலை செய்கிறவர்களிடம் என்னைக் காட்டி, “டே, நமக்கும் ஒரு எழுத்து வந்துருச்சுடா. இந்தச் சரக்கு நம்மளுது!” என்றார். நான்தான் சரக்கு.

எனக்கு அந்த எழுத்து போதும் என்றே இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். போதவில்லை. சீனாவில் உட்கார்ந்திருக்கிற ஒரு பெண்ணுக்கு அது யாரையும் காட்டவில்லை.

அறைத்தோழன் தளிப் பக்கத்துக்காரன். வீட்டில் தெலுங்கு, பஸ்ஸில் கன்னடம், வேலையில் தமிழ் என்று மாற்றி மாற்றிப் பேசுகிறவன். நடந்ததைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டான்.

“ஏமிரா நீ! அவரு வாங் குடுத்தா வாங், சாங் குடுத்தா சாங். வாங்கிக்க வேண்டியதுதானே? சானமாவு காட்டுல சுத்துற யானைக்குக்கூடத்தான் ஆளாளுக்குப் பேரு வெக்கிறாங்க. அது வந்து சண்டையா போடுது?”

“யானைக்கு பர்மனென்ட் வேணாம்டா.”

“அதைத்தான் நானும் சொல்றேன். உனக்கு வேணுமில்ல? அப்புறம் எதுக்கு வீம்பு?”

வீம்பு இல்லை என்று அவனிடம் விளக்க முடியவில்லை. வாங் என்று சொல்லி வேலையை வாங்கிக்கொள்வது சுலபம் என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்த இயந்திரம் இருக்கும் காலம்வரை அது ஒரு பெயரில் நிற்கும். மண்டியில் அப்பாவை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘யோவ்’, ‘இந்தாப்பா’, ‘அந்த லோடைத் தூக்கு’, இவ்வளவுதான். அவர் பெயருக்கு நிற்க ஓர் இடம் கிடைத்திருக்கிறது. அங்கே நான் வாங்கைக் கொண்டுபோய் வைக்க மாட்டேன். வேலையும் வேண்டும், பெயரும் வேண்டும் என்று முடிவெடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்ப் பையில் கொஞ்சம் செந்தூரா மாம்பழம் கொண்டுவந்தேன். திங்கள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சாரின் மேசையில் வைத்தேன். கேன்டீனில் இரைச்சல் குறைவு, செயலிக்குக் காது கேட்கும்.

“சார், எனக்கு எங்கப்பா பேரு முழுசா வேணும். உங்க எழுத்துல. அவங்களுக்குப் புரியற மாதிரி” என்று போனிடம் சொன்னேன்.

சார் கேட்டுவிட்டு என்னையே பார்த்தார். பழத்தைக் கத்தியால் கீறியபடியே போனிடம் பேசினார். “உங்கள் தந்தையின் பெயரை மெதுவாகக் கூறுங்கள்” என்றது அது.

அப்போதுதான் ஒன்று உறைத்தது. அப்பாவின் பெயரை நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. எழுதியிருக்கிறேன், விண்ணப்பங்களில் எத்தனையோ முறை. சொல்ல வேண்டிய இடத்தில் இனிஷியலைச் சொல்லித் தப்பித்திருக்கிறேன். எங்கள் வீட்டில் யாரும் சொல்வதில்லை. அம்மாவுக்கு அவர் ‘அவங்க’. ரேஷன் கடையில் வீட்டுக்காரர் பெயர் கேட்டால் என்னை முன்னால் தள்ளுவார். நானும் கார்டைக் காட்டுவேனே தவிர வாய் திறக்க மாட்டேன்.

கேன்டீன் மேசையில், மாம்பழச் சாறு ஒழுகிக்கொண்டிருக்க, சொன்னேன். சார் திருப்பிச் சொன்னார். நாக்கு இரண்டு இடத்தில் இடறியது. மறுபடியும் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டு, ஒரு காகிதத்தில் எழுத்துகளை எழுதி, ஒன்றை அடித்தார், வேறொன்று எழுதினார். இப்படியே சாப்பாட்டு நேரம் முடிந்தது. கடைசியில் மூன்று எழுத்துகள் நின்றன. முதல் எழுத்து அவர்கள் ஊரில் உண்மையிலேயே வழங்கும் ஒரு குடும்பப் பெயராம். டெஸ்க்கில் கேட்கிறவர்கள் அதைக் கேட்டதும் இது ஒரு குடும்பம் என்று பிடித்துக்கொள்வார்களாம்.

பிறகு போன் பேசியது: “எங்களிடமும் குடும்பம் முன்னால் வரும், ஆள் பின்னால் வருவார். நீங்களும் நாங்களும் ஒரே வரிசை. ஆங்கிலேயர்தான் தலைகீழ்.”

எழுத்தை வாங்கியாயிற்று. இனி வாயில் ஏற்ற வேண்டும். அவர்கள் மொழியில் ஒவ்வோர் அசைக்கும் ஓர் ஏற்றமோ இறக்கமோ உண்டு. ‘வோ’ தாழ்ந்து கிடக்கும். ‘ஷிங்’ அதட்டுவதுபோல விழும். ‘ஜியாவ்’ இன்னும் வேகமாக விழும். அப்பாவின் பெயருக்கும் சார் ஏற்ற இறக்கம் போட்டுக் கொடுத்திருந்தார். அறையில் துணி துவைக்கும்போது, சட்டை தேய்க்கும்போது, பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது என்று விடாமல் சொன்னேன். தளிக்காரன் காதைப் பொத்திக்கொள்வான்.

ஒருநாள் காலை அம்மா போன் பண்ணியதை அவன் எடுத்து, வேண்டுமென்றே ஸ்பீக்கரில் போட்டுவிட்டான். நான் வாளிக்கு முன்னால் உட்கார்ந்து அப்பாவின் பெயரைக் கத்திக்கொண்டிருந்தேன்.

“டேய்! என்னாடா அது, அப்பன் பேரை இப்படிக் கூவுற? அவங்களோட எதாச்சும் சண்டையா?”

“சண்டையில்லமா, பாடம்.”

“எந்த ஊர்லடா அப்பன் பேரை ஏலம் போடறதைப் பாடம்னு சொல்லிக்குடுக்கறாங்க?”

“சீனாவுலமா” என்றான் தளிக்காரன், என் சார்பாக.

இரண்டாம் முறை டெஸ்க்கைக் கூப்பிட்டபோது அந்தப் பெண்ணுக்கு என் முகம் நினைவிருந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, “நின் குய் ஷிங்?” என்றார். நான் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஒருமுறை திருப்பிச் சொல்லிப் பார்த்தார், எழுதிக்கொண்டார். சார் எங்கள் இருவர் பெயரையும் பதிந்தார். முதல் ஆள் அண்ணன், இரண்டாவது நான். முதலில் சரியாகச் சொன்னவருக்கு முதல் இடம். அதில் நியாயம் இருந்தது. ஆனால் மேனேஜர் சொன்ன பர்மனென்ட் முதல் ஆளுக்குத்தான். சார் கிளம்பும்வரை மாறலாம் என்று நினைத்துக்கொண்டு தினமும் சொல்லிப் பழகுவதை மட்டும் நிறுத்தவில்லை.

சார் ஊருக்குக் கிளம்பும் வாரத்தில், ஏதோ பயணக் காகித வேலையாக அவர் பெங்களூரு போயிருந்த ஒரு மதியம், இயந்திரம் நின்றது. கம்பி அறுந்து உள்ளே சிக்கி, சிவப்பு விளக்கு எரிந்து, திரை பூட்டிக்கொண்டது. நமக்கு மூன்றரை என்றால் சீனாவில் ஆறு. ஆறு மணிக்கு டெஸ்க்கை மூடிவிடுவார்கள். மூன்று மணி தாண்டியிருந்தது. மேனேஜர் வந்து கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அண்ணன் டேப்லெட்டை எடுத்தார். இந்த முறை வேறொரு பெண். “வோ ஷிங் வாங்” என்றார் அண்ணன், அதே கணீர்க் குரலில்.

அந்தப் பெண் எங்கோ பார்த்தார், தேடினார், பிறகு ஒவ்வொரு விரலாக மடக்கத் தொடங்கினார். “வாங், பூனே? வாங், நொய்டா? வாங், சென்னை?”

“ஓசூர்! ஓசூர் வாங்!” என்றார் அண்ணன்.

“ஓ... ஷூ?”

“ஓசூர் மேடம். பெங்களூர் பக்கம். பார்டர்.”

அவர் அந்த ஊரைக் கேள்விப்பட்டதே இல்லை. அண்ணன் ‘ஜியாவ்’ போட்டுச் சொன்ன சொந்தப் பெயரும் அவருக்குப் பிடிபடவில்லை. விரலை மடக்கிக்கொண்டே போனார். அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது. இந்தியாவுக்கு வந்த பொறியாளர்கள் எல்லோருமே, குடும்பப் பெயர் இல்லை என்று சொன்னவர்களுக்கெல்லாம் வாங் என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். எந்த வாங் என்று தெரியாமல் அவர் எண்ணைக் கொடுக்க மாட்டார்.

அண்ணன் திரையிலிருந்து தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். “லே தம்பி, இந்தியா பூரா எனக்குச் சொந்தக்காரனா இருக்கான்லே. நீ வா. உங்கப்பா ஒருத்தர்தானே?”

டேப்லெட்டை வாங்கினேன். பின்னால் மற்ற இயந்திரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. வாயைக் கருவிக்குப் பக்கத்தில் கொண்டுபோய், “வோ ஷிங்” என்று தொடங்கி, அப்பாவின் பெயரை மூன்று அசையாக, ஒவ்வொன்றையும் அதனதன் இடத்தில் ஏற்றி இறக்கிச் சொன்னேன். “ஜியாவ்” போட்டு என் பெயரைச் சேர்த்தேன்.

அந்தப் பெண் கீழே பார்த்தார். தேடவே இல்லை, உடனே நிமிர்ந்தார். அப்பாவின் பெயரைச் சொல்லி, அதன் பின்னால் “ஷிஃபூ” என்று ஒரு சொல்லைச் சேர்த்தார். பிறகு திறப்பு எண்ணை ஒவ்வோர் இலக்கமாக விரலில் காட்டினார். பூட்டுத் திறந்தது. கம்பி சிக்கிய இடத்தைக் கேமராவில் காட்டினேன், எதைக் கழற்ற வேண்டும் என்று அவரும் படத்தில் காட்டினார். அவர்களுடைய ஆறு மணிக்குள் இயந்திரம் சுற்றத் தொடங்கியது. நான் டேப்லெட்டை வைத்த பிறகுதான் மேனேஜர் கட்டியிருந்த கையை அவிழ்த்தார்.

மறுநாள் சார் திரும்பி வந்து, நடந்ததைக் கேட்டுவிட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டார். அவரும் ஒரு வாங்கை உருவாக்கியவர்தானே. பதிவில் எங்கள் இருவரின் வரிசையை மாற்றினார். இரண்டாவது இடத்தில் வாங்கை எடுத்துவிட்டு, அண்ணன் தன் சொந்த அப்பாவின் பெயரையே கேட்டு வாங்கிக்கொண்டார். ‘ஷிஃபூ’ என்றால் என்ன என்று சாரிடம் கேட்டேன். வேலை தெரிந்த மனிதரை மரியாதையாகக் கூப்பிடுவதாம். அன்றிலிருந்து லைனில் எல்லோரும் என்னை அப்பாவின் பெயரோடு ஷிஃபூ சேர்த்துத்தான் கூப்பிடுகிறார்கள். கேலிதான், ஆனாலும் திரும்பிப் பார்க்கிறேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் சொன்னேன். மண்டியிலிருந்து வந்த அப்பா துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

“அந்தப் பொண்ணுக்கு என்னை எப்படித் தெரியும்?”

“தெரியாதுப்பா. பேரு உங்களுது, ஆளு நான்.”

“அந்தப் பேருக்கு மரியாதை வேற போட்டுச்சா?”

“போட்டாங்கப்பா.”

“எப்படிச் சொல்லுச்சு? சொல்லு பாக்கலாம்.”

நேருக்கு நேர் அவர் பெயரைச் சொல்வது இதுதான் முதல் தடவை. எழுந்து நின்று, அந்தப் பெண் சொன்னதுபோலவே சொன்னேன். அப்பா துண்டை உதறி, மடித்து, மறுபடியும் உதறினார். அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது. அதே மூன்று அசை, அதே ஏற்ற இறக்கம், கடைசியில் ஷிஃபூ.

அப்பா திடுக்கிட்டுத் திரும்பினார். “என்னாடி, என் பேரைச் சொல்ற?”

“நான் எங்க உங்க பேரைச் சொன்னேன்? சீனாக்காரி சொன்னதைச் சொன்னேன். கை கழுவிட்டு வாங்க, சோறு ஆறுது.”

சார் இப்போது ஊருக்குப் போய்விட்டார். பர்மனென்ட் ஆணை அடுத்த மாதம் மற்றவர்களோடு சேர்ந்து வரும் என்று மேனேஜர் சொல்லியிருக்கிறார். வரும்வரை வாரம் தவறாமல் அவரிடம் போய்க் கேட்பேன் என்று நானும் சொல்லியிருக்கிறேன். டெஸ்க்கில் பெயர் சொன்னதும் அடுத்து அவர்கள் என்னவோ கேட்கிறார்கள், என்ன கோளாறு என்றுதான் கேட்பார்கள்போல. அதற்கு நான் இன்னும் கேமராவைத்தான் திருப்பிக் காட்டுகிறேன். அந்தப் பதிலையும் வாயால் சொல்ல வேண்டும். இன்று காலை துணி துவைக்கும்போது ஆரம்பித்தேன். தளிக்காரன் வாளியோடு வெளியே போய்விட்டான்.